நாச்சிமுத்துவின் நெற்றி வெளிச்சம்

கூடல்மட்டத்துக்கு ஏறும் மலைப்பாதையில் முப்பத்து மூன்று கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. அந்த முப்பத்து மூன்றையும் நாளைக்கு நாலு தடவை என்று முப்பத்தோரு வருஷமாகத் திருப்பிக்கொண்டிருந்த பஸ் டிரைவர் நாச்சிமுத்துவுக்கு ஐம்பத்தெட்டு வயது முடிந்த ஐப்பசி மாதத்தில், பனி இறங்கிய ஒரு காலை வேளையில், பதினான்காவது வளைவில், எதிரே வந்த தேயிலை லாரிக்கு வழிவிட்டு வண்டியை ஒதுக்கும்போது, அவர் நெற்றியின் இரண்டு பக்கமும் வெளிச்சம் வந்தது. பெரிய சுடரெல்லாம் இல்லை. உள்ளங்கையால் பொத்திய டார்ச் விளக்கு எப்படித் தோல் வழியாகத் தெரியுமோ அப்படி, இரண்டு புருவத்துக்கும் மேலே மஞ்சளாக ஏறியது, லாரி தாண்டிப் போனதும் தானாக அடங்கியது, பதினைந்தாவது வளைவில் மறுபடி ஏறியது. முன்சீட்டுப் பக்கம் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்த கண்டக்டர் அந்தோணி குனிந்து பார்த்துவிட்டு, "அண்ணே, வெளிச்சம் வருது" என்றார்.

"வண்டியிலயா?"

"உங்க நெத்தியிலண்ணே."

நாச்சிமுத்து உள்கண்ணாடியில் ஒரு தரம் பார்த்துக்கொண்டார். "சரி, நீ டிக்கெட்டப் போடு" என்றார். பதினாறாவது வளைவு வந்துவிட்டது, அவர் வேறு என்ன சொல்ல முடியும்.

கூடல்மட்டத்து ஜனங்கள் இதற்கெல்லாம் வாயைப் பிளக்கிறவர்கள் இல்லை. எஸ்டேட்டு வேலைக்கென்று நாலு தலைமுறைக்கு முன்னால் மலையேறி வந்து, அட்டைக்கடியும் மழையும் யானையும் பார்த்துப் பழகிப்போன சனம். அறிவித்த நேரத்துக்கு பஸ் வந்த ஒரு நாளைத்தான் அவர்கள் இன்னமும் அதிசயமாகப் பேசிக்கொள்வார்கள். ஆகவே, நெற்றி எரிகிற டிரைவரைப் பற்றி முதல் வாரம் அவர்களுக்கு இருந்த சந்தேகமெல்லாம் சுடுமா சுடாதா என்பதுதான். பேக்கரி வைத்திருந்த பெரியவர் ஒருவர் தொட்டுப் பார்த்து, சாதாரணக் காய்ச்சல் சூடுகூட இல்லை என்று அறிவித்தவுடன் அந்தச் சந்தேகமும் தீர்ந்தது.

இரண்டாவது வாரத்திலிருந்து ஆட்கள் அவர் வண்டிக்காகக் காத்திருக்க ஆரம்பித்தார்கள். ஏழரை வண்டியை விட்டுவிடுவார்கள், எட்டரை வண்டியையும் விட்டுவிடுவார்கள், ஒன்பதே முக்காலுக்கு நாச்சிமுத்து வந்தால்தான் ஏறுவார்கள். வளைவு கடினமாக இருந்தால் வெளிச்சம் கூடுகிறது, பனி அடர்ந்தால் இன்னும் கூடுகிறது, சமதரையில் குறைகிறது என்று பார்த்து வைத்துக்கொண்டு, ஆபத்து எங்கே அதிகமோ அங்கே இந்த மனுஷனின் பார்வையும் அதிகமாகிறது என்று அவர்களாகவே ஒரு முடிவுக்கு வந்தார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எஸ்டேட்டின் மேல் டிவிஷன்காரர்கள் வலது நெற்றிதான் பிரகாசம் என்றார்கள், கீழ் டிவிஷன்காரர்கள் இடது நெற்றி என்றார்கள், அதை வைத்து ஒரு கல்யாணப் பேச்சுக்கூட முறிந்து போனது. அம்மன் கோவில் கமிட்டி ஒரு பக்கம் சால்வை போர்த்தியது, சர்ச்சில் இன்னொரு பக்கம் அவருக்காக ஜெபம் வைத்தார்கள்.

புது வண்டி வாங்கினால் டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவது எல்லா ஊரிலும் உள்ளதுதான். கூடல்மட்டத்தில் அதோடு, நாச்சிமுத்து வந்து அந்த வண்டியைப் பார்க்க வேண்டும் என்று ஒரு சடங்கு சேர்ந்தது. சும்மா பார்த்தால் ஆகாது, வெளிச்சம் வரும்படி பார்க்க வேண்டும். அவரும் என்னதான் செய்வார்? மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, எஞ்சினில் பொடி எழுத்தில் அடித்திருக்கும் நம்பரைப் படிக்க முயற்சி பண்ணுவார். எட்டா மூன்றா என்று தெரியாமல் திணறும்போது நெற்றி பளிச்சென்று எரியும். வண்டிக்காரர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார்.

சும்மா சொல்லக்கூடாது, நாச்சிமுத்துவுக்கு அது பிடித்துத்தான் இருந்தது. முப்பத்தோரு வருஷமாக வண்டி ஓட்டி, ஏன் லேட்டு என்ற கேள்வியைத் தவிர வேறெதையும் கேட்டிராத மனுஷனுக்கு, ஏறும்போதே ஒரு கும்பிடும் இறங்கும்போது ஒரு கும்பிடும் கிடைத்தால் பிடிக்காமல் என்ன செய்யும். அவர் மனைவி தங்கமணிக்குத்தான் அதில் எந்த மரியாதையும் பிறக்கவில்லை. வீட்டில் அவர் பைக் சாவியைத் தேடுவதையும், மருந்து அட்டையில் தேதி பார்ப்பதையும், அரிசியில் கல் பொறுக்குவதையும் அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"தேடுறது கெடைக்காதப்பத்தான் நல்லா எரியுது. கெடைச்சுட்டா அணைஞ்சு போவுது. இதுக்குப் போயி ஊரே மாலை போடுது" என்றாள். "நான் பேசுறப்ப மட்டும் ஒரு நாளும் எரிஞ்சு நான் பாக்கலை. அது ஏனுங்க?"

சாவி விஷயத்தில் அவள் சொன்னது சரி என்று அவருக்குத் தெரியும்.

அவருக்குத் தெரிந்த இன்னொன்றும் இருந்தது, அதை அவர் வீட்டில்கூடச் சொல்லவில்லை. முன்பெல்லாம் அவர் எதையும் போய்ப் பார்க்க வேண்டியிருந்ததில்லை. நடு ரோட்டில் கண் இருக்கும், ஓரத்தில் ஆடு வந்தால் ஆடு தானாக வந்து சொல்லும், சைக்கிள் வந்தால் சைக்கிள் சொல்லும். சுவரில் ஒட்டிய போஸ்டர், கொடியில் காயும் சேலை, குரங்கு, கொய்யாப்பழக்காரி, இதெல்லாம் முறத்தில் போட்டுப் புடைத்தாற்போலத் தூரப் போய்விழும். இப்போது எதுவும் தூரப் போவதில்லை. போஸ்டர் முதற்கொண்டு எல்லாமே கண் முன்னால் வந்து என்னைப் பார், என்னைப் பார் என்று நிற்கிறது. ஒவ்வொன்றையும் நீ வேண்டாம் போ என்று அவர் தனித்தனியாக அனுப்பிவைக்க வேண்டியிருக்கிறது. அனுப்பிக்கொண்டிருக்கிற நேரத்தில் ஓரம் என்று ஒன்று இருப்பதே போய்விடுகிறது. எந்த வளைவில் அனுப்புகிற வேலை அதிகமோ அந்த வளைவில்தான் நெற்றி அதிகமாக எரிந்தது.

இது இப்படியே ஐந்து மாதம் போனது. பங்குனி மாதம் ஒரு முற்பகலில், கீழே இறங்கும் வண்டி பத்தொன்பதாவது வளைவுக்கு வந்தபோது, முன்னால் போன கார் ஒன்று திடீரென்று பிரேக் போட்டது, தடுப்புச்சுவர் மேல் ஓர் ஆடு நின்றது, சுவரில் புதிதாக ஒரு சர்க்கஸ் போஸ்டர் சிவப்பாக ஒட்டியிருந்தது. நாச்சிமுத்து காரைப் பார்த்தார், ஆட்டை அனுப்பினார், போஸ்டரை அனுப்பினார், நெற்றி இரண்டு பக்கமும் தகதகவென்று எரிந்தது. அந்த நேரம் பார்த்து இடது பக்கத்து எஸ்டேட் நடைபாதையிலிருந்து, தலையில் விறகுக்கட்டோடு மாரித்தாய் என்ற கொழுந்து பறிக்கும் பெண் ரோட்டில் கால் வைத்தாள். ஐம்பத்திரண்டு வயது, ஒண்டிக்கட்டை. அவர் அவளைப் பார்க்கவில்லை. விறகு பஸ்ஸின் முன்கண்ணாடியில் மோதிச் சிதறிய சத்தம் கேட்டுத்தான் பிரேக்கில் காலை வைத்தார்.

வண்டி நின்றபோது மாரித்தாய் சாக்கடைக்குள் உட்கார்ந்திருந்தாள். வலது கணுக்கால் பிசகி வீங்க ஆரம்பித்திருந்தது, மற்றபடி உடம்பில் ஒன்றும் இல்லை. ஜனங்கள் மடமடவென்று இறங்கினார்கள். முன்சக்கரத்துக்கும் அவளுக்கும் நடுவே ஒரு ஜாண் இருந்தது. அந்த ஒரு ஜாணை ஆளாளுக்குக் குனிந்து அளந்து பார்த்தார்கள். முன்சீட்டில் இருந்தவர்கள், வெளிச்சம் எப்படி எரிந்தது என்று கண்ணால் கண்டவர்கள், சொன்னார்கள்: இத்தனை நாளில் இப்படி எரிந்ததில்லை, வேறு எவனாவது ஓட்டியிருந்தால் இந்நேரம் இவள் பிணம்.

"நான் பாக்கலீங்க" என்றார் நாச்சிமுத்து. "நெசமாலுமே நான் பாக்கலீங்க."

"எவ்வளவு அடக்கம் பாரு இந்த மனுஷனுக்கு" என்றார்கள்.

மாரித்தாய் மிரண்டுபோயிருந்தாள். நாலு பேர் தூக்கி முன்சீட்டில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, அவளுக்கு என்ன நடந்தது என்பதை அவளுக்கே விளக்கமாகச் சொன்னார்கள். கேட்டுக்கொண்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோவில் வாசலில் நாச்சிமுத்துவுக்கு ஆளுயர மாலை போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள், மாரித்தாயை ஒற்றைக்காலில் அவர் பக்கத்தில் நிற்கவைத்தார்கள். மாலை பாரமாக இருந்தது. ஒரு பொம்பளை மேல் வண்டியை ஏற்றிக் கொல்லப் பார்த்ததற்கு இவ்வளவு ரோஜாப்பூ போட்டிருக்கிறார்களே என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் அவர் மனதில் ஒன்றே ஒன்றுதான். வண்டியை விட்டு இறங்க வேண்டும், நான் பார்க்கவில்லை என்பதை யாராவது ஒருத்தர் ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் நஸ்ரீனிடம் போனார். அந்த அம்மா மேசைக் கணினித் திரையின் நடுவில் ஓர் எழுத்தைக் காட்டி, அதையே பார்த்துக்கொண்டு, ஓரத்தில் புள்ளி மின்னினால் சொல்லச் சொன்னார். இருபது புள்ளிக்கு அவர் எட்டுப் புள்ளி சொன்னார். நெற்றி வெளிச்சத்தில் டாக்டரின் மூக்குக்கண்ணாடி மின்னியது.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றார் டாக்டர். "சின்ன வயசுல பின்மண்டை தனியாவே செஞ்சுக்கிட்டிருந்த வேலைதான் இது. இப்ப அதால முடியாததால முன்மண்டை ரெண்டு பக்கமும் சேர்ந்து ஒத்தாசை பண்ணுது. வேண்டாததைத் தள்ளுறது கொஞ்சம் கஷ்டமாகும், ஓரம் கொஞ்சம் சுருங்கும். இது நோய் இல்லைங்க, அறுபதை நெருங்குற எல்லாருக்கும் கொஞ்சமோ நஞ்சமோ நடக்கிறதுதான். உங்களுக்கு வெளியே தெரியுது, அவ்வளவுதான்."

"அப்ப நெறைய எரிஞ்சா நெறையக் கஷ்டம்னு அர்த்தமுங்களா?"

"ஆமா."

"அதைய ஒரு காகிதத்துல எழுதிக் குடுத்தீங்கன்னா போதுமுங்க."

டாக்டர் எழுதிக் கொடுத்தார். நாச்சிமுத்து அதை மடித்து எடுத்துக்கொண்டு டிப்போவுக்குப் போனார். டிப்போ மேனேஜர் ஒன்றுக்கு இரண்டு தரம் படித்தார். 'வயதுக்கேற்ற இயல்பான மாற்றம்' என்ற வரியில் விரலை வைத்தார்.

"இயல்புன்னு எழுதியிருக்காங்களே. இயல்புன்னா நல்லா இருக்கீங்கன்னுதானே?"

"நல்லாத்தானுங்க இருக்கேன். மலையில ஓட்டற அளவுக்கு இல்லீங்க. பஸ் ஸ்டாண்டுல டைம் எழுதற வேலை குடுங்க, டோக்கன் குடுக்கச் சொல்லுங்க, எதுன்னாலும் செய்யறேன்."

"நீங்க எறங்கிட்டீங்கன்னா மேல இருக்கிற சனம் என்னைய வெட்டிப் போட்டுரும். இன்னும் ஒரு வருஷம்தானே நாச்சிமுத்து, ஓட்டிட்டு மரியாதையா ரிட்டயர் ஆவுங்க" என்று மேனேஜர் காகிதத்தைத் திருப்பித் தந்தார். நாச்சிமுத்து தொழிற்சங்கச் செயலாளரிடம் போனார். அவர் கட்டிப்பிடித்து, இந்தக் காலத்தில் இப்படி ஒரு பணிவா என்று கண் கலங்கினார். உண்மையைச் சொல்லச் சொல்ல நாச்சிமுத்துவின் பேர் மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. தங்கமணி ஒருத்திதான் நம்பினாள். ஆனால் பெண்டாட்டி புருஷனைக் குறைத்துப் பேசுவதை எந்த ஊரில் சாட்சியாக எடுத்துக்கொள்கிறார்கள்?

மிச்சம் இருந்த ஒரே சாட்சி மாரித்தாய். அவர் ரொட்டியும் ஆரஞ்சுப்பழமும் வாங்கிக்கொண்டு, எஸ்டேட்டு லைன் வரிசையில் அவளுடைய வீட்டைத் தேடிப் போனார். சித்திரை வெயில், வாசலில் உட்கார்ந்து காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கப் பார்த்தாள், அவர் வேண்டாம் என்றார்.

"அம்மிணி, அன்னைக்கு நான் உன்னையப் பாக்கலை."

"தெரியும்ணே" என்றாள் அவள்.

அவர் ரொட்டியையும் பழத்தையும் கீழே வைத்தார். "அதைய டிப்போவுல வந்து ஒரு வார்த்தை சொல்லீரு. நீ சொன்னா நம்புவாங்க. என்னைய வண்டிய விட்டு எறக்கீருவாங்க."

மாரித்தாய் தைலப் புட்டியை மூடி வைத்தாள். "அண்ணே, நான் பொறந்ததே இந்த மலையிலதான். கொழுந்து எடை போடுறவருக்கு என் பேரு தெரியாது, நம்பர்தான் தெரியும். நூத்திப் பதினெட்டு. இப்ப பஸ்ஸுல ஏறுனா எந்திரிச்சு எடம் குடுக்குறாக. கூழு ஊத்துறப்ப மொதச் சொம்பு எனக்குத்தான். பிள்ளத்தாச்சியெல்லாம் வந்து என் கைய வயித்துல வச்சுக்கிறா. வெளிச்சம் பார்த்துக் காப்பாத்துன பொம்பளன்னு எனக்கு இப்ப ஒரு பேரு இருக்கு. நீங்க பாக்கலன்னு நான் சொன்னா, நாளைக்கு நான் யாரு?"

"காலு இப்படி ஆயிப்போச்சே உனக்கு."

"காலு கெடக்கு, போங்க" என்று சொல்லிவிட்டு, அவருக்குக் கட்டஞ்சாயா போட உள்ளே நொண்டிக்கொண்டு போனாள். மன்னித்துக்கொள் என்று கேட்கத்தான் அவர் வந்திருந்தார். தப்பே நடக்கவில்லை என்று சொல்கிறவளிடம் மன்னிப்பை எப்படிக் கேட்பது, எந்த இடத்தில் ஆரம்பிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது பரவாயில்லை என்று இருந்தது. சாயாவைக் குடித்துவிட்டுத் திரும்பினார்.

ஆடி மாதம் மழை பிடித்துக்கொண்டது. மலைக்கு மாற்றலாகி வருகிற டிரைவரைப் பத்து இருபது நாள் பழைய டிரைவர் பக்கத்தில் நிற்கவைத்து வழி பழக்குவது அந்த டிப்போவின் வழக்கம். அப்படி ஜெகதீசன் என்று முப்பத்து மூன்று வயது ஆள் ஒருவர் நாச்சிமுத்துவின் வண்டியில் வந்துகொண்டிருந்தார். பதினோராவது நாள், ஏறும் வண்டி, எட்டாவது வளைவு தாண்டிக் கொஞ்சம் அகலமான இடம் வந்ததும் நாச்சிமுத்து வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கதவைத் திறந்து மழையில் இறங்கினார். "தம்பி, நீங்க ஓட்டுங்க. எனக்கு ஓரம் தெரியறதில்லை" என்று சொல்லிவிட்டு, சுற்றி வந்து ஜனங்களோடு ஏறிக்கொண்டார்.

ஜெகதீசன் உட்கார்ந்து, சீட்டை முன்னால் தள்ளிப் போட்டுக்கொண்டு, ஏதோ சினிமாப் பாட்டை முணுமுணுத்தபடி வண்டியைக் கிளப்பினார். ஒன்பதாவது வளைவை ஒரே இழுப்பில் திருப்பினார். அவர் நெற்றி, மண்டை, பிடரி எங்கேயும் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. ஜனங்கள் அதைப் பார்த்தார்கள். பத்தாவது வளைவையும் இருட்டு மண்டையோடு அவர் அலட்சியமாகத் திருப்பியபோது, பின்சீட்டிலிருந்து சத்தம் கிளம்பியது.

"ஏம்ப்பா, உள்ள ஒண்ணுமே எரியலையே. இவனை நம்பி எப்படிப் போறது?"

வண்டியை நிறுத்தச் சொல்லி, நாற்பத்தாறு பேரும் இறங்கி, சேலைத்தலைப்பையும் சாக்கையும் தலையில் போட்டுக்கொண்டு மழையில் நின்றார்கள். இரண்டு மணி நேரம் நின்றார்கள். மேலேயும் கீழேயும் லாரிகள் சேர்ந்துபோய் ஹாரன் அடித்தன. அந்தோணி டிப்போவுக்கு போன் போட்டார், டிப்போ மேலிடத்துக்குப் போட்டது, கடைசியில் மேனேஜர் ஒரு வழி சொன்னார்: ஜெகதீசன் ஓட்டட்டும், நாச்சிமுத்து பக்கத்தில் பானெட் மேல் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டு வரட்டும். ஜனங்கள் தங்களுக்குள் பேசிப் பார்த்து, வெளிச்சம் வண்டிக்குள் இருந்தால் சரி, ஸ்டியரிங்கை யார் பிடித்தால் என்ன என்று ஏறிக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து எஞ்சினை மூடிய அந்த பானெட்டின் மேல், ஒரு மடித்த கம்பளியைப் போட்டு, நாச்சிமுத்து உட்கார்ந்து வந்தார். ஜெகதீசன் வீட்டுக்கதை பேசுவார், பாடுவார், ஒரு கையால் வேர்க்கடலை உரிப்பார், வளைவுகள் அதுபாட்டுக்குத் திரும்பும். நாச்சிமுத்துதான் ஓட்டாத வண்டிக்கு உயிரைக் கொடுத்துப் பார்த்தார். ஆட்டை அனுப்பினார், போஸ்டரை அனுப்பினார். எதிரே வரும் வண்டியின் நம்பரைத் தூரத்திலிருந்தே படிக்க முயன்றார். சற்றே பார்வையைத் தளர்த்தினால் நெற்றி மங்கும், மங்கினால் பின்னால் யாராவது இருமுவார்கள். சாயங்காலம் வீடு திரும்பும்போது தலை விண்விண்ணென்று தெறித்தது. தங்கமணி நெற்றியில் சுக்கு அரைத்துப் பற்றுப் போட்டாள். "ஓட்டறதுல இருந்துதான் எறக்கியிருக்காங்க, பாக்கறதுல இருந்து எறக்கலை" என்றார் அவளிடம். பற்றுக்கு அடியில் வெளிச்சம் இல்லை.

மாரித்தாய் வாரத்தில் மூன்று நாள் அந்த வண்டியில் வந்தாள். அவளுக்கென்று விட்டுவைத்த முன்சீட்டில், பானெட்டுக்கு எதிரே உட்காருவாள். அவர் அவளைப் பார்ப்பார், அவள் ஜன்னலைப் பார்ப்பாள். கால் அவளுக்கு முழுசாகச் சரியாகவில்லை, இறங்கும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து இறங்கினாள். ஒவ்வொரு தடவையும் அவர் அதைப் பார்த்தார்.

மறுபடி ஐப்பசி வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை முற்பகல், இறங்கும் வண்டி, இரவெல்லாம் பெய்த மழை விட்டிருந்தது. இருபத்தேழாவது வளைவு திரும்பியபோது வலது பக்கம் பள்ளத்தாக்கு மொத்தமாகத் திறந்தது. நாச்சிமுத்து தலையைத் திருப்பி அதைப் பார்த்தார். எதையும் தேடவில்லை, எதையும் அனுப்பவில்லை. அடியில் கிடந்த அணைத்தண்ணீரும், அதில் பாதி மூழ்கி நின்ற மரமும், பக்கத்துச் சரிவில் யாரோ காயப்போட்டிருந்த பச்சைக் கம்பளியும், பறிக்காமல் விட்ட ஒரு வரிசைத் தேயிலையில் பூத்திருந்த வெள்ளைப் பூவும், மேகம் ஒன்று பாறையைச் சுற்றிக்கொண்டு போன விதமும், வேண்டியதும் வேண்டாததுமாக எல்லாம் கூட்டமாக உள்ளே வந்தன, அவர் வாருங்கள் என்று விட்டுவிட்டார். முப்பத்திரண்டு வருஷமாக இந்த வழியில் போகிறேன், இதையெல்லாம் எவன் இங்கே கொண்டுவந்து வைத்தது என்று அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. நெற்றி அணைந்துபோனது.

"அண்ணே" என்றார் அந்தோணி. "அணைஞ்சிருச்சு."

அவர் திரும்பவில்லை. இருபத்தாறாவது வளைவு வந்தது. பின்னாலிருந்து ரோட்டைப் பாருங்க, ரோட்டைப் பாருங்க என்று கெஞ்ச ஆரம்பித்தார்கள். ஒருத்தி குழந்தையை இறுக்கிக்கொண்டு அழுதாள், ஒருவர் வண்டியை நிறுத்து என்று கம்பியைத் தட்டினார். ஜெகதீசன் இருபத்தைந்தாவது வளைவையும் இருட்டிலேயே திருப்பினார், ஒன்றும் ஆகவில்லை, ஒன்றும் ஆகாதது அவர்களை இன்னும் பயமுறுத்தியது. அத்தனை பேரும் மாரித்தாய் பக்கம் திரும்பினார்கள்.

"நீயாச்சும் சொல்லு தாயி. உன்னையக் காப்பாத்துன வெளிச்சமாச்சே. நீ சொன்னா கேப்பாரு."

மாரித்தாய் அவரைப் பார்த்தாள். இந்த ஏழு மாதத்தில் வண்டிக்குள் அவர் முகத்தை வெளிச்சம் இல்லாமல் அவள் பார்த்ததே இல்லை. ஐம்பத்தொன்பது வயதான, கண்ணுக்குக் கீழே பை விழுந்த, நெற்றியில் காய்ந்த சுக்குத் தடம் போகாத, களைத்த ஓர் ஆம்பளை முகம். அவர் கையைக் கட்டிக்கொண்டு பச்சைக் கம்பளியைப் பார்த்துக்கொண்டு வந்தார். அவளுக்கு என்ன தோன்றியதோ, சொன்னாள்:

"வெளிச்சம் காப்பாத்தலை."

யாருக்கும் புரியவில்லை.

"இந்த மனுசன் அன்னிக்கு என்னையப் பாக்கவே இல்லை. கார்க்காரனப் பார்த்தாரு, ஆட்டப் பார்த்தாரு. நாந்தான் வெறகத் தூக்கி எறிஞ்சுட்டு சாக்கடைக்குள்ள குதிச்சேன். என்னைய யாரும் காப்பாத்தலை. நானேதான் குதிச்சேன்."

நாச்சிமுத்து பள்ளத்தாக்கை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "ஆமாங்க. அதேதானுங்க நடந்தது" என்றார் எல்லாரிடமும். அப்புறம் அவளிடம், "என்னைய மன்னிச்சுக்க அம்மிணி" என்றார்.

"என்னத்த மன்னிக்கிறது" என்று ஆரம்பித்தாள் மாரித்தாய். "ஏய்யா, கண்ண எங்கய்யா வச்சிருந்த? அத்தாம் பெரிய வெறகுக்கட்டு, மலை மாதிரி தலையில வச்சுட்டு வாரேன், அது தெரியலையா உனக்கு? ஒத்த ஜாணுய்யா. ஒத்த ஜாணு தப்பியிருந்தா என்னைய அள்ளித்தான எடுத்திருப்பாக? எனக்கு அழுகுறதுக்குக்கூட ஆள் கெடையாது, தெரியுமா? அன்னியிலேருந்து இந்தக் கால வச்சுக்கிட்டு ஒரு நாளு முழுசா கொழுந்து எடுக்க முடியல, மேட்டுல ஏற முடியல, ராத்திரி திரும்பிப் படுத்தா உசிரு போகுது. மாலை போட்டா கழுத்த நீட்டிக்கிட்டு நின்னியே, பக்கத்துல ஒருத்தி ஒத்தக்கால்ல நிக்கிறாளேன்னு ஒரு முக்காலி கேட்டுப் போட்டியா நீ?"

"போடலை" என்றார் அவர்.

"போடலைங்கிறான் பாரு" என்று அவள் இருபத்து மூன்றாவது வளைவில் இன்னும் குரலைத் தூக்கினாள். அவளுக்கு இருமல் வந்தபோது அந்தோணி தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார், குடித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டாள். பத்தொன்பதாவது வளைவு வந்தபோது அந்தச் சாக்கடையைக் கையைக் காட்டித் திட்டினாள். அவரைத் திட்டி முடித்து டிப்போவைத் திட்டினாள், எஸ்டேட்டைத் திட்டினாள், கூழ் கொடுத்தவர்களைத் திட்டினாள், கூழை வாங்கிக் குடித்த தன்னையும் நாலு வார்த்தை திட்டிக்கொண்டாள், மறுபடி அவரிடம் வந்தாள். நாச்சிமுத்து தான் உட்கார்ந்திருந்த கம்பளியின் நுனியைப் பிடித்தபடி அத்தனையையும் கேட்டார், ஒரு வார்த்தை விடவில்லை. ஏழு மாதமாக நெஞ்சில் இருந்த பாரம் வளைவுக்கு வளைவு இறங்கிக்கொண்டே வந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. நெற்றி எரிந்ததா இல்லையா என்று அன்று யாரும் பார்க்கவில்லை. ஜெகதீசன் பாட்டை நிறுத்திவிட்டு, வளைவுகளைச் சத்தம் இல்லாமல் திருப்பினார்.

கீழே பஸ் ஸ்டாண்டில் வண்டி நின்றதும் ஜனங்கள் பின்வாசல் வழியாக ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள். போகும்போது யாரும் கும்பிடவில்லை. ஜெகதீசன் எஞ்சினை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். மாரித்தாய் இன்னும் முடிக்கவில்லை, அவள் முடிக்கும்வரை நாச்சிமுத்துவும் எழுந்திருக்கவில்லை. அதனால் அன்று மேலே ஏற வேண்டிய பன்னிரண்டரை வண்டி இருபது நிமிஷம் தாமதமாகக் கிளம்பியது.